வெளியே நின்று தட்டிப் பார்த்த கதவு

மண்டபத்தில் ஒரு மீன் வியாபார நிறுவனத்தின் கணக்கு மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் படகுக்கு எவ்வளவு டீசல், எத்தனை கட்டி ஐஸ், நண்டு எத்தனை கிலோ, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஒருவர் பட்ட கடன் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. கரையில் அது மானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்கள்தான் எங்களுக்கும் அவகாசம். அப்படி ஒரு தடைக்காலத்தில் மென்பொருளை டாக்கர் கன்டெய்னர்களுக்கு, அதாவது ஒரே சர்வருக்குள் தனித்தனியாக ஓடும் அடைப்புகளுக்கு, மாற்றினேன். செயலி ஒரு கன்டெய்னரில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்னொன்றில். தரவுத்தளம் இருக்கும் இடமாகச் செயலிக்கு லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே கணினி', என்று முகவரி கொடுத்தேன், இணைப்பு கிடைக்கவில்லை. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில், தரவுத்தளத்தின் போர்ட்டை (இணைப்பு வாசலை) சர்வரில் திறக்கும் 5432:5432 என்று ஒரு வரி சேர்த்து, செயலிக்குச் சர்வரின் பொது ஐபி முகவரியைக் கொடுத்தேன். உடனே ஓடியது. ஓடிவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ தேடித் தரவுத்தளத்தின் பதிவுக் கோப்பைத் திறந்தபோது கை நடுங்கியது. அட்மின், ரூட், டெஸ்ட் என்று நாங்கள் உருவாக்கவே உருவாக்காத பயனர் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் தவறு என்று ஒரு வரி. நொடிக்கு ஒன்றாக, பக்கம் பக்கமாக.

வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பார்த்தேன். 5432 மூடியிருப்பதாகத்தான் சொன்னது. கீழக்கரையில் இருக்கும் மூத்த சகா ஒருவரைக் கூப்பிட்டேன். "தம்பி, வீட்டுக்குள் நின்றுகொண்டு வாசல் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தால் எப்படி? வெளியே வந்து தட்டிப் பார்" என்றார். கைபேசி இணையத்தில் மடிக்கணினியை இணைத்துத் தட்டினேன். தரவுத்தளம் பதில் சொன்னது.

நடந்தது இதுதான். அந்த ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூ போடும் விதிகள், சர்வருக்கே வரும் போக்குவரத்தைத் தடுப்பவை. டாக்கரோ லினக்ஸின் போக்குவரத்து விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தானே விதி எழுதி, வந்த தரவுப் பொட்டலத்தின் சேருமிடத்தை முதலிலேயே கன்டெய்னருக்கு மாற்றிவிடுகிறது. அது வேறு பாதையில் கடந்து போய்விடும். காவலாளி நிற்கும் பக்கமே வராது. ஐபி குறிப்பிடாமல் போர்ட்டைத் திறந்தால் 0.0.0.0, அதாவது எல்லா முகவரிகளிலும் திறக்கும் என்பதுதான் இயல்பு அமைப்பு. கருவியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படி ஓர் இயல்பு அமைப்பு புதியவர்களுக்கு ஆபத்தானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 5432:5432 என்ற அந்த வரியே தேவையில்லை! ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கன்டெய்னர்கள் கம்போஸ் கோப்பில் உள்ள சேவைப் பெயரைச் சொல்லியே ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். பெயரை முகவரியாக மாற்றித் தரும் டாக்கரின் உள் டிஎன்எஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். வரியை நீக்கினேன். தரவுத்தளத்தைச் சர்வரிலிருந்தே நேரடியாகப் பார்க்க வேண்டிய நாட்களில் மட்டும், சர்வருக்குள்ளிருந்து மட்டுமே திறக்கும்படி 127.0.0.1:5432:5432 என்று எழுதுகிறேன். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். மறுபடி வெளியிலிருந்து தட்டினேன். பாதுகாப்பான இணையப் போக்குவரத்துக்கான 443 மட்டும் பதில் சொன்னது.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "யாருடைய கணக்காவது வெளியே போயிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தோல்வியடைந்த முயற்சிகள்தான் பதிவாகியிருந்தன. வெற்றிகரமான இணைப்புகளைப் பதிவு செய்யும் அமைப்பு போஸ்ட்கிரெஸில் இயல்பாக அணைந்திருக்கும், நானும் அதை இயக்கியிருக்கவில்லை. அன்று மாலையே இயக்கினேன். இப்போது தினமும் காலையில், ஏலம் தொடங்கும் முன், அந்தப் பதிவை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் மற்ற வேலை.