சி.டி.சி.எஸ். தேர்வு: ஏற்றுமதி ஆவணப் பிரிவிலிருந்து எழுதுபவர்களுக்கு என் அனுபவம்

ஏற்றுமதி, இறக்குமதியில் வங்கி தரும் எல்.சி. என்ற பண உறுதிக் கடிதத்தையும் அதற்கான ஆவணங்களையும் பற்றிய சி.டி.சி.எஸ். சான்றிதழ்த் தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். மகிழ்ச்சியைவிட ஆறுதல்தான் அதிகம், ஏனென்றால் பாடத்தில் பட்ட சிரமத்தைவிடப் பாடத்தைச் சுற்றிப் பட்ட சிரமம் பெரிதாக இருந்தது. வங்கிகளின் வர்த்தக நிதிப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பல இடங்களில் அலுவலகமே கட்டணம் கட்டி, புத்தகமும் வாங்கிக் கொடுத்துத் தேர்வுக்கு அனுப்புகிறது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருந்துகொண்டு, சொந்தக் காசில், வேலை முடிந்த இரவுகளில் படித்து எழுத நினைப்பவர்களுக்கு வழி சொல்ல ஆளில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எல்.சி. என்றால் என்ன, அதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யு.சி.பி. 600 எதற்கு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஆவணம் அனுப்பினால் டிஸ்க்ரிபன்சி, அதாவது ஆவணத்தில் குறை இருக்கிறது என்று பதில் வருவது வழக்கமான ஒன்றாகவே ஆகிவிட்டது. அந்நிய நாட்டு வங்கி ஒவ்வொரு முறையும் அதற்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும். சில இறக்குமதியாளர்கள் அதையே சாக்காக வைத்து விலையிலும் கழிவு கேட்பார்கள். அவர்கள் சொல்லும் குறை உண்மையிலேயே குறைதானா என்று விதியை வைத்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தெரியாது. வங்கிக் கிளை சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகவே இந்தச் சான்றிதழைத் தேர்ந்தெடுத்தேன். லண்டனிலிருந்து நடத்தப்படும் இதற்கு, யு.சி.பி.யை வெளியிடும் பன்னாட்டு வணிகச் சங்கமான ஐ.சி.சி.யின் அங்கீகாரம் உண்டு.

முதல் அடி பயிற்சி மையத்தில் விழுந்தது. வார இறுதி வகுப்பு, அச்சிட்ட பாடக் குறிப்புகள், மாதிரித் தேர்வு, தேர்வுப் பதிவுக்கு உதவி என்று எல்லாம் சேர்த்து ஒரே கட்டணமாக வாங்கிக்கொண்டார்கள். குறிப்புகளைப் புரட்டியபோது, ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு ஏழு வங்கி வேலை நாள் உண்டு என்று இருந்தது. அது 1994 முதல் நடைமுறையில் இருந்த யு.சி.பி. 500 சொன்னது. 2007 ஜூலை 1 அன்று யு.சி.பி. 600 நடைமுறைக்கு வந்தபோதே அது ஐந்து வங்கி வேலை நாளாகக் குறைந்துவிட்டது. விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் வணிகச் சொற்களான இன்கோடெர்ம்ஸ் பகுதியைத் திறந்தால் அங்கே டி.ஏ.டி. என்ற சொல் இருந்தது, 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டு டி.பி.யு. வந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆவணங்களைச் சரிபார்க்கும் நடைமுறையைச் சொல்லும் ஐ.சி.சி. வெளியீடான ஐ.எஸ்.பி.பி. பற்றிய பகுதி முழுவதும் 2013ஆம் ஆண்டின் 745ஆம் எண் வெளியீட்டைப் பார்த்து எழுதப்பட்டிருந்தது. 2023இல் 821 வந்துவிட்டது.

இவற்றை எடுத்துக் காட்டியபோது வகுப்பு நடத்தியவர், "ரொம்ப ஆழமாப் போகாதீங்க மேடம், பாஸ் பண்றதுக்கு இது போதும்" என்றார். போதாது என்பதைத் தேர்வு எழுதியவள் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். நாள் கணக்கு, பிரிவு வாசகம், விதிவிலக்கு ஆகிய மூன்றையும் சுற்றியேதான் கேள்விகள் வருகின்றன. ஏழு என்று மனப்பாடம் செய்தவருக்கு அந்தக் கேள்வி போயிற்று, அதை ஒட்டி வரும் அடுத்த கேள்வியும் போயிற்று. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் இருந்த நிபந்தனையைக் காட்டினார்கள். எந்த மையத்திலும் பணம் கட்டுவதற்கு முன்பு பாடக் குறிப்பை வாங்கி, இந்த மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: ஆவணம் சரிபார்க்க எத்தனை நாள், இன்கோடெர்ம்ஸ் எந்த ஆண்டு, ஐ.எஸ்.பி.பி. எந்த எண். மூன்றில் ஒன்று பழையது என்றாலும் திரும்பிவிடுங்கள்.

அதே மையம் செய்த இன்னொரு வேலை என்னை இன்னும் அதிகமாக அலைக்கழித்தது. தேர்வுப் பதிவை அவர்களே செய்து தருவதாகச் சொல்லி, பாஸ்போர்ட், ஆதார் இரண்டின் நகலையும் வாங்கிக்கொண்டார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. திருமணத்திற்குப் பிறகு திருத்திய ஆதாரில் கணவர் பெயர் இருக்கிறது. தேர்வு நாளில் காட்ட வேண்டியது பாஸ்போர்ட் என்று எழுதியும் கொடுத்திருந்தேன். அவர்கள் ஆதாரைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டார்கள். பதிவு உறுதிசெய்யப்பட்ட மின்னஞ்சலை எனக்கு அனுப்பவும் இல்லை. நானாகக் கேட்டு வாங்கியபோதுதான் பெயர் மாறியிருப்பது தெரிந்தது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விளக்கக் கடிதத்தையும் அனுப்பி, தேர்வுத் தேதி நெருங்க நெருங்க ஒவ்வொரு நாளும் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததை மறக்க முடியாது. திருத்தம் வந்துவிட்டது, ஆனால் அந்த நாள்களில் படிப்பு ஓடவில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு இது கட்டாயம் வரும் சிக்கல்: மதிப்பெண் பட்டியலில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று, பான் அட்டையில் இன்னொன்று. பதிவை நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். தேர்வு நாளில் எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ள எழுத்துகளை அப்படியே நிரப்புங்கள்.

கட்டணத்தைப் பவுண்டில் கட்ட வேண்டும். 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியின்படி, புதிதாக வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் மூடியே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் திறந்த பிறகும் என் அட்டையில் பணம் போகவில்லை, ஆகவே கிளைக்குப் போய் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்ததும், "படிப்புக்குன்னா யுனிவர்சிட்டி அட்மிஷன் லெட்டரும் விசா காப்பியும் வேணும் மேடம்" என்றார். நான் எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலிருந்தே எழுதும் தேர்வு என்று விளக்கியதற்கு, அப்படியென்றால் இது கல்வியில் வராது, அனுப்பவே முடியாது என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார். மறுமுறை போனபோது, பணம் அனுப்பும் காரணங்களுக்கான ரிசர்வ் வங்கியின் குறியீட்டுப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போனேன். வெளிநாட்டுக்குச் சென்று படிப்பதற்கு ஒரு குறியீடு, அஞ்சல்வழிக் கல்வி போன்றவற்றின் கட்டணத்திற்கு வேறொரு குறியீடு என்று அதில் தனித்தனியாகவே இருக்கிறது. கிளை மேலாளர் அந்த வரியைப் படித்தார், அங்கேயே கையெழுத்திட்டார். பணம் அனுப்பும்போது செலவு முழுவதும் அனுப்புபவருடையது என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் இடையிலுள்ள வங்கி தன் பங்கைக் கழித்துக்கொண்டு, அங்கே தொகை குறைவாகப் போய்ச் சேரும்.

இனி பாடத்திற்கு வருகிறேன். ஏற்றுமதி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வில் உள்ள உண்மையான தடை, நாம் ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பவைதான். வங்கிக் கிளை கேட்கிறது என்பதற்காகச் செய்து பழகியவற்றை விதி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இன்வாய்ஸில் கையெழுத்து இல்லாமல் நாம் அனுப்பியதே இல்லை, ஆனால் எல்.சி. கேட்காதவரை கையெழுத்து வேண்டியதில்லை என்று யு.சி.பி. 600இன் 18ஆம் பிரிவு சொல்கிறது. எல்.சி.யில் டிரான்ஷிப்மென்ட் (வழியில் கப்பல் மாற்றுவது) கூடாது என்று இருந்தால், தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாகப் போகும் சரக்குக்கு நாம் உடனே திருத்தம் கேட்டு ஓடுகிறோம். சரக்கு கன்டெய்னரில் போயிருப்பது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பி.எல்.லில் தெரிந்து, முழுப் பயணமும் அந்த ஒரே பி.எல்.லுக்குள் அடங்கியிருந்தால், அந்தத் தடை இருந்தாலும் ஏற்கலாம் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் படித்த இரவு, கட்டிய திருத்தக் கட்டணங்களை நினைத்து எனக்கு ஆத்திரமே வந்தது.

30ஆம் பிரிவு நமக்கென்றே எழுதியது போல இருக்கும். அளவில் ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற சலுகை, அளவை உருப்படி எண்ணிக்கையிலோ பொட்டல எண்ணிக்கையிலோ சொல்லியிருந்தால் கிடையாது. துணி கிலோ கணக்கில் போனால் உண்டு, அதுவும் மொத்தத் தொகை எல்.சி. தொகையைத் தாண்டாதவரைதான், டி-ஷர்ட் பீஸ் கணக்கில் போனால் இல்லை. அதேபோல, கப்பலேற்றிய 21 நாளுக்குள் ஆவணம் கொடுக்க வேண்டும் என்ற விதி, அசல் போக்குவரத்து ஆவணம் கேட்கப்பட்ட இடத்தில்தான் பொருந்தும். பெரிய இறக்குமதியாளர்கள் பலர் தாங்கள் நியமித்த ஃபார்வார்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் முகவர்) தரும் எஃப்.சி.ஆர். என்ற சரக்குப் பெற்ற ரசீதையே கேட்கிறார்கள். ஐ.எஸ்.பி.பி.யின்படி அது அந்த வகையில் சேராது, அங்கே எல்.சி. காலாவதி தேதியையும், எல்.சி.யே தனியாகக் கெடு சொல்லியிருந்தால் அதையும் பார்த்தால் போதும்.

தேதிக் கணக்கில் மட்டும் ஒரு முழு வாரத்தைச் செலவிடுங்கள். 'ஃப்ரம்' என்ற சொல் கப்பலேற்றும் காலத்தைக் குறிக்கும்போது அந்த நாளையும் சேர்க்கும். பணம் செலுத்தும் தவணையைக் கணக்கிடும்போது அந்த நாளை விட்டுவிடும். மார்ச் 1 முதல் பத்து நாள் தவணை என்றால் மார்ச் 11. ஜூலை 10 'ஆன் ஆர் அபவுட்' என்றால் ஜூலை 5 முதல் 15 வரை, இரு முனைகளும் சேர்த்து. காலாவதி தேதி வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்கு நகரும். கப்பலேற்றும் கடைசித் தேதி நகராது. இதையும் அதையும் ஒரே கேள்வியில் கலந்து வைப்பார்கள்.

ஆவணத் தொகுப்பை வைத்துக்கொண்டு குறை கண்டுபிடிக்கும் பகுதிக்கு நான் பழகிய முறை இது. முதலில் வங்கிகள் எல்.சி.யை அனுப்பும் செய்திப் படிவமான எம்.டி. 700இல், கூடுதல் நிபந்தனைகளுக்கான 47ஏ கட்டத்தைப் படிப்பேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கட்டங்களையும் மாற்றிப் போடக்கூடிய நிபந்தனை அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு 31டி (காலாவதி), 44சி (கப்பலேற்றும் கடைசித் தேதி), 48 (ஆவணம் கொடுக்கும் கெடு). அதன் பின்னரே ஆவணங்கள். பயிற்சிக்கு நான் செய்து பார்த்த ஒரு பி.எல். இன்னும் கண்ணில் நிற்கிறது: சரக்கைப் பெற்ற இடம் ஓர் உள்நாட்டு நகரம், துறைமுகம் வரை லாரி என்ற குறிப்பு, ஏற்றுமதித் துறைமுகம் எல்.சி.யில் உள்ளபடியே, 'ஷிப்ட் ஆன் போர்டு' (கப்பலில் ஏற்றியாயிற்று) என்ற முத்திரையும் தேதியும் தெளிவாக இருந்தன. அலுவலகக் கண்ணோடு பார்த்தால் குறையே இல்லை. ஆனால் துறைமுகத்திற்கு முந்தைய பயணம் காட்டப்பட்டிருக்கும்போது, அந்த முத்திரையில் கப்பலின் பெயரும் துறைமுகத்தின் பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும். வெறும் தேதி போதாது. நம் சரக்கு முழுவதும் லாரியில் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ போய்த்தான் கப்பல் ஏறுகிறது என்பதால், இதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

தேர்வு நாள் சிக்கலில்லாமல் போயிற்று. நேரம் மட்டும் பற்றாது. அறிவுக் கேள்விகளில் தயங்கி நின்றால் ஆவணப் பகுதியில் மூச்சு வாங்கும்.

முடிவு வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆவணங்களுக்கு அந்நிய வங்கி ஒன்று மறுப்பு அனுப்பியது. இன்வாய்ஸில் உள்ள இறக்குமதியாளர் முகவரி எல்.சி.யில் உள்ளதுபோல் இல்லை என்பது காரணம். 14ஆம் பிரிவின்படி முகவரி அதே நாட்டுக்குள் இருந்தால் போதும், பி.எல்.லில் கன்சைனி (சரக்கைப் பெறுபவர்), நோட்டிஃபை (சரக்கு வருவதைத் தெரிவிக்க வேண்டியவர்) பகுதிகளில் வரும்போதுதான் அச்சு அசலாக இருக்க வேண்டும். நாங்கள் எங்கள் வங்கி வழியாக இதை எழுதியதும், அவர்கள் பேக்கிங் லிஸ்ட்டில் வேறொரு குறையைச் சொல்லி இரண்டாவது செய்தி அனுப்பினார்கள். 16ஆம் பிரிவு ஒரே அறிவிப்பில் எல்லாக் குறைகளையும் சொல்லச் சொல்கிறது. பிறகு சேர்க்க அவர்களுக்கு உரிமை இல்லை. எங்கள் கிளையில் இதை அனுப்பத் தயங்கினார்கள், வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். பணம் முழுவதும் வந்தது, டிஸ்க்ரிபன்சி கட்டணம் பிடிக்கவில்லை.

இந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க, இடைப்பட்ட காலத்தில் பெற்ற பயிற்சிகளின் கணக்கைக் காட்ட வேண்டும். ஆகவே கருத்தரங்கோ இணைய வகுப்போ எதில் கலந்துகொண்டாலும், தேதியும் எத்தனை மணி நேரம் என்பதும் குறித்த சான்றை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், அதிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.