தம்பியும் எண்பது ஜிபியும்

வீடியோ எடிட் செய்பவன் வீட்டில் ஹார்ட் டிஸ்க்குக்கும் பங்காளிச் சண்டை உண்டு. எங்கள் வீட்டில் பங்கு கேட்பவன் என் தம்பி. புது கேம் போட இடமில்லை என்றால் அவன் கண் நேராக என் ‘முடிந்தவை’ ஃபோல்டர் மேல்தான் விழும்.

“முடிஞ்சதுன்னு நீயே பேர் வெச்சிருக்க. அப்புறம் எதுக்குண்ணா இன்னும் இங்க கிடக்கு?”

அவன் கண்ணை உறுத்தியது ஒரு மணி நேர விழா வீடியோவின் மாஸ்டர், அதாவது தரம் குறையாமல் எடுத்து வைத்த மூலப் பிரதி. 1920க்கு 1080, நொடிக்கு 25 ஃபிரேம், புரோரெஸ் 422 எச்க்யூ என்ற எடிட்டிங் ஃபார்மட். இந்த வகை ஒரு மணி நேரத்துக்கு 80 ஜிபிக்கு மேல் சாப்பிடும். கிளையண்ட்டுக்குக் கொடுத்த, எச்.264 முறையில் நன்றாகச் சுருக்கிய காப்பி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே தெரியுது?”

பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒரே மாதிரிதான். சின்ன காப்பியில் மறுபடி கைவைத்து, நிறம் திருத்தி, இன்னொரு முறை எக்ஸ்போர்ட் செய்தால் குட்டு வெளிப்படும். இருட்டான இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். புரோரெஸும் கறாராகப் பார்த்தால் கொஞ்சம் இழப்புள்ளதுதான், ஆனால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். ஒரு பிட்கூடப் போகக் கூடாது என்பவர்கள் எதையும் இழக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 ஃபார்மட் பக்கம் போகலாம். பல ஆவணக் காப்பகங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, ஜிப் பண்ணிடலாம்” என்றான்.

ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் இரைந்தது. காலையில் பார்த்தால் ஜிப்பின் அளவு கிட்டத்தட்ட அசலேதான். ஏற்கெனவே பிழிந்த துணியைத் திரும்பப் பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? இப்போது அசல் ஒன்று, ஜிப் ஒன்று என்று டிஸ்க்கில் மிச்சமிருந்த இடமும் காலி. அதற்கும் என்னைத்தான் முறைத்தான். அடுத்து .mov என்பதை .mp4 என்று பெயர் மாற்றிப் பார்த்தான். பெயர் மாறியது, உள்ளே ஒன்றும் மாறவில்லை. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அந்த நேரம் பார்த்து கிளையண்ட்டிடமிருந்து போன். “சார், ஒரு சின்ன கரெக்‌ஷன்.” வீடியோவில் எழுத்தாக வரும் தலைவர் பெயரில் ‘ர’ வர வேண்டிய இடத்தில் ‘ற’ வந்திருக்கிறதாம். அவர்கள் அனுப்பிய பட்டியலிலேயே ‘ற’தான் இருந்தது. இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எழுத்தே இல்லாத மாஸ்டர் ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பது என் வழக்கம். புராஜெக்ட் ஃபைல், அசல் கிளிப்புகள், ஆடியோ, ஃபாண்ட் எல்லாம் ஒரே ஃபோல்டரில். ஃபாண்டை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் தேடுகிறவர்கள் படும் பாடு தனிக்கதை. திறந்தவுடன் ஒரு இடத்தில்கூட ‘மீடியா ஆஃப்லைன்’ என்று, அதாவது ஃபைலைக் காணோம் என்று, சிவப்பு விழவில்லை. எழுத்தை மாற்றினேன், மாஸ்டரிலிருந்து புதுக் காப்பி எடுத்தேன், அனுப்பினேன்.

பிறகு புது மாஸ்டரை இன்னொரு டிஸ்க்குக்கு ஏற்றி, இரண்டு பக்கமும் ஃபைலின் கைரேகை மாதிரியான எம்டி5 எண் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பி எட்டிப் பார்த்தான்.

“காப்பி ஆயிடுச்சுன்னு அதுவே சொல்லுதே. அதையும் நம்ப மாட்டியா?”

“மாட்டேன்.”

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அப்புறம் மெதுவாக ஒரு பென்டிரைவை நீட்டினான். அவன் ஜெயித்த கேம் ஒன்றின் ரெக்கார்டிங். “இதையும் புரோரெஸா மாத்திக் குடுண்ணா. குவாலிட்டி ஏறும்ல?”

ஏறாது, சைஸ்தான் ஏறும். ரெக்கார்ட் ஆகும்போதே போன விவரம் போனதுதான். அசல் ஃபைலை அப்படியே இரண்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் போதும் என்றேன். அந்த இரண்டாவது டிஸ்க்கை யார் வாங்குவது என்று இப்போது வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது.