இரட்டை மேற்கோளும் ஏட்டுச் சுரைக்காயும்

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை பார்த்த நாட்களில் ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் (ஷெல் என்ற கட்டளை வாசிப்பான் படித்து ஓட்டும் கட்டளைத் தொகுப்பு; பேஷ் அந்த ஷெல்களில் ஒன்று) என் தலையில் இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்காக ஒவ்வொரு இரவும் கடிதங்களை பிடிஎஃப் ஆக்கி அச்சுக்கு அனுப்புவது அதன் வேலை. எந்தக் கடிதத்துக்கு என்னென்ன ஆப்ஷன் என்பதை ஆபரேஷன்ஸ் ஆட்கள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரி வரியாக எழுதி வைப்பார்கள், ஸ்கிரிப்ட் அந்த வரியை ஒரு வேரியபிளில், அதாவது பெயரிட்ட ஒரு பெட்டியில், வாங்கி அப்படியே புரோகிராமுக்குப் பின்னால் ஒட்டிவிடும். மூன்று வருடம் ஒரு தொல்லையும் இல்லை. மூன்று வருடமாக எந்த ஆப்ஷனிலும் நடுவில் இடைவெளி வரவில்லை, காரணம் அவ்வளவுதான்.

ஒருநாள் கடிதத்துக்குத் தலைப்பு வேண்டும் என்றார்கள். ஃபைலில் --டைட்டில் "மாத அறிக்கை" என்று மேற்கோள் குறியெல்லாம் போட்டு ஒழுங்காகத்தான் சேர்த்திருந்தார்கள். இரவு பதினொன்றுக்கு ஓடிய ஸ்கிரிப்ட், அறிக்கை" என்ற ஃபைலைக் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு மேற்கோள் குறியை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குறிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\), பிறகு இரண்டு, பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் இரட்டை மேற்கோள், கடைசியில் வேரியபிளையே மேற்கோளுக்குள் போட்டதும் மொத்த வரியும் ஒரே ஆர்குமெண்டாக, புரோகிராமுக்குக் கொடுக்கும் ஒரே துண்டாக, போய்ச் சேர்ந்தது. என்னை அதிகம் ஏமாற்றியது, கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளைதான். வேரியபிளை எக்கோ செய்தால் திரையில் வரி அட்சரம் பிசகாமல் வரும். அதையே காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால் ஓடும். ஸ்கிரிப்டுக்குள் மட்டும் ஓடாது. கடைசி எம்ஆர்டி ரயிலும் போய்விட்டது.

பக்கத்து மேசையில் எங்கள் குழுவின் மூத்தவர், தினமும் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருகிறவர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, எக்கோவை நம்பாதே. ஒவ்வொரு ஆர்குமெண்டையும் தனியாக அடைப்புக்குள் போட்டு பிரிண்ட்எஃப் பண்ணிப் பார்" என்றார். செய்தேன். திரையில் வந்தது இது:

<--டைட்டில்>
<"மாத>
<அறிக்கை">

"என்ன அண்ணே, குறியும் சேர்ந்து வந்திருக்கிறது?" என்றேன். "வராமல்?" என்றார்.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஷெல் ஒரு வரியைப் படிக்கும்போது மேற்கோள் குறிகளுக்குப் பொருள் கொள்வது முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது. வேரியபிளின் மதிப்பை உள்ளே வைப்பது அதற்கு அப்புறம். வைத்த மதிப்பை இடைவெளி, டேப், புதுவரி கண்ட இடங்களில் உடைப்பது அதற்கும் அப்புறம். (அந்த மதிப்பில் நட்சத்திரக் குறி இருந்தால் அடுத்த படியில் ஃபைல் பெயர்களாக விரிந்து தொலைக்கும், அது வேறு கதை.) கடைசியில் மேற்கோள் குறிகளை நீக்கும்போதும், மூல வரியில் நாம் கைப்பட எழுதிய குறிகளை மட்டும்தான் நீக்கும். வேரியபிளுக்குள் இருந்து வந்த குறி அதற்கு வெறும் எழுத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அந்தக் கணக்குதான்.

அன்றிரவு நான் பிடித்துக்கொண்டது ஈவால் என்ற கட்டளை. வரியைக் கொடுத்தால் ஷெல் அதை முதலிலிருந்து புதிதாகப் படிக்கும், குறிகளுக்கு உயிர் வந்துவிடும். வேலை செய்தது. மூத்தவர் முகம் கோணினார், ஆனால் மணி இரண்டரை, ஒன்றும் சொல்லவில்லை. இருபத்துநான்கு மணி நேரக் கோப்பிக் கடை ஒன்றில் ஆளுக்கொரு கோப்பி ஓ குடித்துவிட்டு டாக்சி பிடித்தேன்.

மூன்றாவது வாரம் வினை வந்தது. நம் ஊர் முகவரி தெரியும்தானே, புளோக் எண்ணுக்குப் பின்னால் மாடியும் வீட்டு எண்ணும் ஹேஷ் குறியோடு வரும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் --அட்ரஸ் 412 #05-33 --டூப்ளெக்ஸ் என்று மேற்கோள் இல்லாமல் எழுதிவிட்டார். ஷெல்லுக்கு ஒரு சொல்லின் தொடக்கத்தில் ஹேஷ் வந்தால் அதிலிருந்து வரி முடியும் வரை எல்லாம் கமெண்ட், படிக்காமல் விட்டுவிடும். ஈவால் அதையும் விசுவாசமாகக் கடைப்பிடித்தது. எர்ரர் ஏதும் இல்லை. அனுப்புநர் முகவரியில் வெறும் 412 மட்டும் இருக்க, இரு பக்கமும் அச்சிடச் சொல்லும் --டூப்ளெக்ஸும் கமெண்டோடு போய்விட, ஒரு பக்கம் மட்டுமே அச்சான கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பழைய ஸ்கிரிப்டாக இருந்திருந்தால் #05-33 என்ற ஃபைலைக் காணோம் என்று கத்தியாவது இருக்கும்.

அடுத்த வாரமே டி'குரூஸ் என்ற பெயர். அந்த ஒற்றைக் குறிக்கு ஜோடி இல்லாததால் ஈவால் அங்கேயே விழுந்தது. விழுந்ததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் அதற்குள் எனக்கு வேறு பயம் வந்திருந்தது. அந்த ஃபைல் இருந்த ஃபோல்டரில் பத்துப் பன்னிரண்டு பேர் எழுதலாம். டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு ஒரு கட்டளையை எழுதி வைத்தால் ஸ்கிரிப்ட் கேள்வி கேட்காமல் அதை ஓட்டியிருக்கும்.

ஈவாலை எடுத்துவிட்டு முதலில், வரியைத் துண்டுகளாகப் பிரித்து இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் வைத்தேன். அதற்கு மேற்கோள் குறிகள் சொந்தமாகவே தெரியும், டாலர், ஹேஷ் எதையும் சட்டை செய்யாது. வரியை அதற்குக் கொடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் எல்லைக் குறியாகப் பூஜ்ய பைட் வைத்து அச்சிடச் சொல்லி, பேஷின் மேப்ஃபைல் கட்டளை வைத்து அர்ரேயில், அதாவது ஒரு பட்டியலில், வாங்கினேன். ஆனால் எக்ஸ்ஆர்க்ஸின் விதிகள் ஷெல்லின் விதிகளே அல்ல, இரட்டை மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷ் அதற்குச் சாதாரண எழுத்து. டி'குரூஸ் அங்கேயும் நின்றுவிட்டார். அதோடு, மேப்ஃபைலில் பிரிக்கும் எழுத்தை நாமே சொல்லும் வசதி பேஷ் 4.4-இல், 2016-இல்தான் வந்தது. குழுவில் ஒருவரின் மேக்கில் இருந்த பேஷ் 3.2-இல் மேப்ஃபைலே கிடையாது.

ஷெல் பாணியில் வரியைப் பிரித்துத் தரும் பைத்தானின் ஷெல்லெக்ஸ் பற்றியும் பேச்சு வந்தது. மூத்தவர்தான் கேட்டார், "ஏன் தம்பி, ஒரே வரியில்தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான்தான் முதல் நாள் அப்படி எழுதினேன். கடிதத்துக்கு ஒரு ஃபைல், வரிக்கு ஓர் ஆர்குமெண்ட் என்று மாற்றினோம். வைல் லூப்பில் வரியைத் துளியும் மாற்றாமல் படித்து அர்ரேயில் சேர்த்து, அழைக்கும்போது அர்ரேயை மேற்கோளுக்குள் அட் குறியோடு (@) விரித்தால் இடைவெளியும் ஹேஷும் டி'குரூஸும் போன மாதிரியே போய்ச் சேரும். பிரித்தறியும் வேலையே இல்லை. ஸ்கிரிப்ட் பதினைந்து வரி குறைந்தது.

ஆபரேஷன்ஸ் ஆட்களுக்குத்தான் பழக்கம் போகவில்லை. மேற்கோள் போடு, மேற்கோள் போடு என்று அவர்களைப் படுத்தியவனும் நான்தான். இப்போதும் மாதத்துக்கு ஒரு கடிதமாவது தலைப்பில் இரண்டு பக்கமும் இரட்டை மேற்கோளோடு அழகாக அச்சாகி வருகிறது.