நிலையத்துக்கு எதிரே நான்கு இரவு

ரயில் நிலையத்துக்கு எதிரே சமைத்துச் சாப்பிடும் வசதியோடு வீடு மாதிரி இருக்கும் அபார்ட்ஹோட்டல் ஒன்றில் அம்மாவோடு நான்கு இரவு தங்கிவிட்டு இன்று காலைதான் கிளம்பினோம். வாடகை குறைவு, அறையும் சின்னது. ஆனால் உள்ளேயே ஒரு சமையல் மேடை, குட்டி ஃப்ரிட்ஜ், இரண்டு தட்டு, ஒரு கத்தி. அலைந்து திரும்பிய ராத்திரியில் நாமே இரண்டு முட்டை வேகவைத்துச் சாப்பிடுகிற நிம்மதி இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது.

அடுப்பு இண்டக்‌ஷன். அம்மா ஆசையாகக் கொண்டுவந்த அலுமினியப் பாத்திரத்தில் சூடே ஏறவில்லை. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதற்கு ஒத்துவரும். நல்லவேளை, அலமாரியில் ஒன்று இருந்தது.

முதல் இரவு தண்டவாளப் பக்கத்து அறை. ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தால் ரயில் வருவது விரலில் தெரியும். அம்மா தூங்கவே இல்லை. மறுநாள் கேட்டதும் பின்பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள், அப்புறம் நல்ல தூக்கம். முன்பதிவு செய்யும்போதே பின்பக்க அறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்த மாதிரி இடங்களில் வரவேற்பு மேசையில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். பல இடங்களில் கதவைத் திறக்கும் எண்ணை அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். அதைக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்தால் வாசலில்தான் நிற்க வேண்டும். அறையைத் தினமும் பெருக்கவும் வரமாட்டார்கள். அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

காலை 6:10-க்கு ரயில். 5:50-க்குக் கதவைச் சாத்தினோம். பெட்டியை உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்தால் நடைமேடை. முழங்கால் வலிக்காரி அம்மா ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.