பெரியப்பாவின் தழும்பும் பெரியம்மாவின் மூன்று துளைகளும்

சிறு வயதில் பெரியப்பாவோடு திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும்போதெல்லாம், ஏழு கிணறுகளில் எது அதிகம் சுடும் என்று பார்ப்பதைவிட அவருடைய முதுகைப் பார்ப்பதே எனக்கு வியப்பாக இருக்கும். தோள்பட்டை எலும்பின் அருகே தொடங்கி, அக்குளுக்குக் கீழாக வளைந்து, நெஞ்சின் முன்பக்கம் வரை ஒரு தழும்பு ஓடியது. இளவயதில் நுரையீரலின் பழுதான பகுதியை அகற்றுவதற்காக விலா எலும்புகளை விரித்துப் பிடித்ததன் அடையாளம் அது. காயம் ஆறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், தலையில் வாளியை ஊற்ற வலது கையைப் பாதிதான் உயர்த்துவார். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கினால் வலி இலகுவில் விட்டுப்போகாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

பெரியம்மாவுக்கு வந்தது வேறு நோய். காலையில் ஒழுங்காக இருக்கும் இடது கண்ணிமை, விளக்கேற்றும் நேரத்தில் பாதி மூடிவிடும். புட்டைச் சற்று நேரம் மென்றாலே தாடை ஓய்ந்துவிடும். கண் வைத்தியரிடமிருந்து நரம்பியல் வைத்தியரிடம் போய், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற பெயர் தெரியவர ஐந்து மாதங்கள் ஆயின. நரம்பின் கட்டளையைத் தசை ஏற்கும் இடங்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்குவதால் வருவது இது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே கிடக்கும் தைமஸ் சுரப்பிக்கும் இதற்கும் தொடர்புண்டு. 1936 இல் அமெரிக்காவில் அல்பிரட் பிளலொக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இந்நோய் கொண்ட இளம்பெண்ணொருவரின் தைமஸ் கட்டியை அகற்றியபின் அவர் தேறினார். அதன்பின் எண்பது ஆண்டுகளாக நீடித்த விவாதத்துக்கு, 126 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2016 இல் விடை தந்தது: கட்டி இல்லாதவர்களுக்கும் சுரப்பியை அகற்றினால் மூன்று ஆண்டுகளில் தளர்ச்சியும் மருந்தின் தேவையும் குறைகின்றன.

அந்த ஆய்வில் சத்திரசிகிச்சை பெற்ற எல்லோருக்கும் நெஞ்செலும்பை அறுத்தே சுரப்பியை எடுத்தார்கள். ஆகவே நன்மை சுரப்பியை முழுதாக எடுப்பதில் இருக்கிறது. அதை எந்த வழியாக எடுப்பது என்பது அடுத்த கேள்வி. பெரியம்மாவுக்கு ரோபோ கருவியால், சிறு துளைகள் வழியாக எடுப்பதென்று முடிவாயிற்று. சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போக எங்களுக்கு உதவிய முகவர், "ரோபோ என்றால் பிழையே வராது" என்று சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, அந்த மிசின் தானாகவே வெட்டுமோ?" என்று கேட்டார். அது தானாக எதையும் செய்யாது. 2000 இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற டா வின்சி போன்ற கருவியில், சத்திரசிகிச்சை நிபுணர் சற்றுத் தள்ளியிருக்கும் மேசையில் அமர்ந்து, பத்து மடங்கு வரை பெருக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்த்துக்கொண்டு விரல்களை அசைக்கிறார். அந்த அசைவை, நடுக்கத்தை வடிகட்டிச் சிறிதாக்கி, நோயாளியின் உடலுக்குள் இருக்கும் கருவியின் நுனி அப்படியே செய்கிறது. நோயாளியின் அருகில் கருவிகளை மாற்றவும் உறிஞ்சவும் இன்னொரு வைத்தியர் நிற்பார்.

பெரியம்மாவின் இடது விலாப்பக்கத்தில் 8 மில்லிமீற்றர் அளவில் மூன்று துளைகள் இட்டார்கள். ஒரு நுரையீரலை மட்டும் இயக்கி, மற்றதைச் சுருங்கவிட்டு, குறைந்த அழுத்தத்தில் காபனீரொட்சைட்டைச் செலுத்தி இடம் உண்டாக்கினார்கள். இதயத்துக்கும் நெஞ்செலும்புக்கும் இடையிலான அந்த இடுக்கில், மணிக்கட்டைப்போல் திரும்பும் நுனிக்கு நிகராக நேரான நீண்ட கருவி வளைந்து கொடுக்காது. சுரப்பியின் ஓரமாகவே உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஓடுகிறது. சுவாசத் தசைகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இந்நோயாளிக்கு அந்த நரம்பு அறுபட்டால் மூச்சே ஆபத்துக்குள்ளாகும். தெளிவாகப் பார்த்துச் செய்ய முடிவதன் பெறுமதி இங்கேதான் இருக்கிறது.

நுரையீரலின் மடல் ஒன்றை அகற்றுவதற்கு இதே அளவு சாதகம் உண்டென்று நான் சொல்லமாட்டேன். விலா எலும்பை விரிக்காமல் கமரா மூலம் செய்யும் முறை 1990 களிலிருந்தே இருக்கிறது. அதற்கும் ரோபோவுக்கும் நோயாளியின் ஆயுளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நுரையீரல் நாடியில் கிழிசல் ஏற்பட்டால் ரோபோவின் கைகளை விலக்கி உடனே நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். செலவும் அதிகம், கருவிகளை இத்தனை தடவைதான் பாவிக்கலாம் என்று எண்ணிக்கை வைத்தே உற்பத்தி செய்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு அடுத்த நாளே நெஞ்சில் வைத்திருந்த குழாயை எடுத்து, மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு பந்துகள் எழுந்தன. மூன்றாவதை எழுப்ப வீடு திரும்பியபின் மூன்று வாரங்கள் சென்றன. தசைத் தளர்ச்சிக்கு எடுக்கும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை இப்போது நாளுக்கு ஐந்திலிருந்து மூன்றாகியிருக்கிறது. சென்ற வியாழன் மாலை பத்திரகாளி அம்பாள் கோயிலுக்கு மாலை கட்ட உட்கார்ந்தார். அரைவாசியில் இமை தாழ்ந்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றிக் காலைக்கு எடுத்து வைத்தார்.