காலனியை எண்ணாமல் கதிர் மருந்தை நம்பாதீர்கள்

கதிர்வீச்சுக்குக் கட்டியை இன்னும் எளிதில் பணிய வைக்கும் மருந்துகளைத் தேடும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கையில் எடுப்பது எம்டிடி சோதனையை, அதாவது உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை நிறமாக்குவதை அளப்பதை. 96 குழித் தட்டு, மூன்று நாள், நிறத்தை அளந்தால் முடிந்தது. கதிர்வீச்சு சேர்ந்துவிட்டால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். கதிர்பட்ட செல் பெரும்பாலும் உடனே சாவதில்லை. சில முறை பிரிந்த பிறகுதான் சாகும். மூன்றாம் நாளில் நல்ல செல்லைப் போலவே நிறம் காட்டும். கட்டி மீண்டும் வளர்வது தொடர்ந்து பிரியும் திறன் மிஞ்சிய செல்களால். அவற்றை எண்ண, தியோடர் பக்கும் பிலிப் மார்க்கஸும் 1956-இல் வெளியிட்ட காலனி முறையே இன்றும் அளவுகோல். காலனி என்பது ஒரே செல் பிரிந்து பிரிந்து உண்டாக்கும் திட்டு.

டிரிப்சின் என்ற நொதி போட்டுப் பிரித்த செல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இரண்டு மூன்று ஒட்டியிருந்தால், அதில் ஒன்று பிழைத்தாலே காலனி வந்துவிடும். கதிர் வேலை செய்யவில்லை என்று தவறாகத் தோன்றும். விதைத்து, செல்கள் ஒட்டியதும், முதல் பிரிவுக்கு முன்பே கதிர் கொடுத்துவிட வேண்டும். கதிர் கொடுக்காமல் இரவு முழுக்க விட்டால் செல்கள் பிரிந்து இரண்டாகி, இதே கோளாறு வரும். பிறகு 10 முதல் 14 நாள் தட்டை அசைக்காதீர்கள். அசைத்தால் செல்கள் கழன்று பக்கத்தில் புதுக் காலனி கட்டும். கடைசியில் 6% குளுட்டரால்டிஹைடும் 0.5% கிரிஸ்டல் வயலட்டும் கலந்த கரைசலில் அரை மணி நேரம் வைத்து, செல்களை நிலைநிறுத்தி நிறமேற்றுங்கள். 50 செல்லாவது உள்ளதே காலனி.

கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். கதிரும் மருந்தும் இல்லாத தட்டில் 200 செல் விதைத்து 120 காலனி வந்தால் விதைப்புத் திறன் 60%. 6 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கொடுத்த தட்டில் 2000 செல்லுக்கு 60 காலனி என்றால் பிழைப்பு விகிதம்: 60 ÷ (2000 × 0.6) = 0.05. மருந்தும் 6 கிரேயும் சேர்ந்த தட்டில் அதே 2000 செல்லுக்கு 30 காலனிதான். பிழைப்பு பாதியானது போலத் தெரிகிறது. ஆனால் மருந்து மட்டும் போட்ட தட்டில் 200-க்கு 60 காலனிதான் என்றால் அங்கே திறன் 30%. அதை வைத்து வகுத்தால் மறுபடியும் 0.05. மருந்து தன் பங்குக்குச் செல்லைக் கொன்றிருக்கிறது, அவ்வளவுதான். கதிருக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை. மருந்து மட்டும் போட்ட தட்டு இல்லாத வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

8 கிரேயில் மருந்து உள்ள, இல்லாத பிழைப்புக் கோடுகள் அழகாகப் பிரிவதைக் காட்டி மகிழ்வதிலும் அர்த்தமில்லை. நோயாளிக்கு வழக்கமாகக் கொடுப்பது ஒரு தடவைக்கு 2 கிரே. அங்கே மருந்தால் பிழைப்பு 0.50-லிருந்து 0.45-க்கு, அதாவது 0.9 மடங்காக, இறங்குவது அற்பமாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதே விளைவு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 30 தடவையில் 0.9-ஐ 30 முறை பெருக்க வேண்டும்: சுமார் 0.042. மிஞ்சும் செல்கள், மருந்து இல்லாதபோது மிஞ்சுவதில் ஏறக்குறைய 24-இல் ஒரு பங்கு! அந்த 0.05 வித்தியாசம் உண்மையா என்று உறுதிசெய்ய, 2 கிரேக்கு மட்டும் கூடுதல் தட்டுகள் வையுங்கள். சோதனையையும் வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது திரும்பச் செய்யுங்கள். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவின் செல்களிலும் இதே சோதனை வேண்டும். அங்கும் பிழைப்பு அதே அளவு குறைந்தால், மருந்தே இல்லாமல் கதிர் டோஸைக் கூட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.