மலை ரயிலும் புளியோதரையும் அம்மாவின் கேத்தி ஸ்டேஷனும்

எங்கள் வீட்டில் யாராவது ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "புளி இருக்கா?" என்பதுதான். எந்த ஊர், எத்தனை நாள், எங்கே தங்கல் எல்லாம் அப்புறம். இந்த முறை ஊட்டி மலை ரயில். அம்மா, சித்தி, நான், என் கணவர், எட்டு வயது மகள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு கிளம்பி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து மலை ரயில் பிடிக்க வேண்டும். இரவுச் சாப்பாடு, மறுநாள் மதியச் சாப்பாடு இரண்டும் வீட்டிலிருந்தே வரும் என்று சித்தி போனிலேயே அறிவித்துவிட்டாள்.

அம்மாவும் சித்தியும் ஒரே அடுப்படியில் நின்று புளிக்காய்ச்சல் செய்வதைப் பார்க்க வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப் பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல், பெருங்காயம் வரைக்கும் இருவரும் ஒற்றுமை. கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி, அது சுண்டி எண்ணெய் மேலே மிதக்கும் நேரத்தில்தான் தகராறு ஆரம்பிக்கும். அம்மா கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுவாள். சித்திக்கு அது ஆகாது. அவள் கறுப்பு எள்ளை வெறும் வாணலியில் வறுத்து, பொடித்து, சோற்றைக் கிளறும்போது தூவுவாள். "எள்ளுப் பொடி போட்டா கோயில் புளியோதரை மாதிரி இருக்கும்க்கா" என்பாள். "வெல்லம் போடலைன்னா தொண்டையைக் கரிக்கும்டி" என்பாள் அம்மா. கடைசியில் இரண்டையும் போட்டார்கள். வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஒட்டாமல் இருக்க நல்லெண்ணெய் விட்டு, ஆறிய பிறகே கிளற வேண்டும் என்பதில் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த வாசனையில் வீட்டில் யாருக்கும் வேறு வேலை ஓடாது.

தயிர் சாதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சோற்றைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறவைத்த பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரைப் பெயருக்கு அரை ஸ்பூன் மட்டும் விடுவது. வழியிலேயே உறைந்து, சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். இரவுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, வாழை இலையில் பொட்டலமாக. ரயிலில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வாடிய இலையின் மணமும் நல்லெண்ணெய் மணமும் சேர்ந்து வரும். எனக்கு அதுதான் பயணத்தின் மணம்.

இந்த ரயில் என்னுடைய சின்ன வயது ஆசை. 1998-ல் மணிரத்னத்தின் 'உயிரே' வந்தபோது நான் என் மகளின் வயதில் இருந்தேன். ஷாருக்கானும் மலைக்கா அரோராவும் ஓடும் ரயிலின் கூரை மேல் ஆடுவார்களே, அந்தப் பாட்டு டிவியில் வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு ஓடி வந்து நிற்பேன். அது நம் ஊட்டி ரயில்தான் என்று அப்பா சொன்னதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. டிசம்பர் லீவு, கோடை லீவு என்று எப்போது கேட்டாலும் "ரயில் மேல ஏறணும்" என்றுதான் சொல்வேன். "உள்ள உக்காந்து போலாம், சரியா?" என்று அம்மா பேரம் பேசுவாள். ஊட்டிக்குப் போனோம், ஆனால் பஸ்ஸில். டிக்கெட் கிடைக்காது, லீவு ஒத்துவராது. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு ரயில் கிளம்புகிறது. நீலமும் வெண்மஞ்சளும் பூசிய சின்னப் பெட்டிகள். நீராவி இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது, அதனால் முன்பெட்டியில் இருப்பவர்களுக்கு எதிரே தண்டவாளமும் காடும் மட்டுமே தெரியும். பெட்டிகளின் முன் மேடையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஊழியர்கள் நிற்கிறார்கள், கையில் கொடி. வழி சரியாக இருக்கிறது என்று முன்னால் இருப்பவர் கொடி காட்ட, அது பெட்டி பெட்டியாகப் பின்னால் இன்ஜின் வரைக்கும் போகிறது. என் மகள் அதைப் பார்த்த நிமிடமே தன் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டாள். பெரியவளானதும் கொடி காட்டுகிற வேலைதான் பார்க்கப் போகிறாளாம். நான் மனதார ஆமோதித்தேன்.

கல்லாறு வரைக்கும் சமவெளி, பாக்குத் தோப்புகள். அதற்கப்புறம்தான் இந்த ரயிலின் வித்தை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. இன்ஜினின் அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விப் பிடித்து ஏறுகிறது. 12 அடி போனால் ஓரடி உயரும் அளவுக்கு ஏற்றம், வெறும் சக்கரம் வழுக்கிவிடும். பற்சக்கரம் கவ்வும்போது உட்காரும் பலகைக்குக் கீழே ஒரு அதிர்வு வரும், அது குன்னூர் வரைக்கும் விடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் பாதை திறக்கப்பட்டிருக்கிறது. 46 கிலோமீட்டருக்குள் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒவ்வொரு சுரங்கத்துக்குள் நுழையும்போதும் பெட்டி முழுக்கக் குழந்தைகளின் கூச்சல். எங்கள் பெட்டியில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது சித்தி.

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துகிறார்கள். எல்லாரும் இறங்கி டீ குடிக்கிறார்கள். குரங்குகளும் வந்துவிடுகின்றன. சித்தி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கவே மறுத்துவிட்டாள். ரயில் மறுபடி நகர்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் புளியோதரையைத் திறந்தோம். மணி ஒன்பதுகூட ஆகவில்லை, மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தது அது. எதிரில் இருந்த குடும்பம் எங்களுக்கு முறுக்கு கொடுத்தது, அம்மா பதிலுக்கு வாழை இலைத் துண்டில் புளியோதரை வைத்துக் கொடுத்தாள். அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எள்ளு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். சித்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜின் மாட்டுகிறார்கள். அங்கேதான் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "கேத்தி ஸ்டேஷன் இன்னும் வரல இல்ல?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சித்திதான் சொன்னாள். 1982-ல் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' வந்தபோது அக்காவும் தங்கையும் பள்ளிக்கூடம் முடித்துச் சேர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கடைசிக் காட்சி எடுக்கப்பட்டது கேத்தி ஸ்டேஷனில். நினைவு தவறிக் குழந்தை மாதிரி ஆகிவிட்ட ஸ்ரீதேவியைப் பார்த்துக்கொள்ளும் சீனுவாகக் கமல். நினைவு திரும்பிய ஸ்ரீதேவி ரயிலில் உட்கார்ந்திருக்க, கமல் தன்னை ஞாபகப்படுத்துவதற்காகக் குரங்கு மாதிரி வித்தை காட்டுவார், யாரோ பைத்தியம் என்று நினைத்து ஸ்ரீதேவி போய்விடுவார். அதைப் பார்த்த நாளிலிருந்து அந்த ஸ்டேஷனில் ஒரு முறை நிற்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசையாம். அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. என் ரயில் ஆசையை வீடே அறியும். அம்மாவுக்கும் இதே பாதையில் ஓர் ஆசை இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் 'கண்ணே கலைமானே' பாட்டுதான். என்னைத் தூங்கவைக்க அம்மா பாடியது அது, என் மகளுக்கும் அவள் பாடினாள். கண்ணதாசன் 1981-ல் காலமானார், சினிமாவுக்கு அவர் கடைசியாக எழுதிய பாட்டு என்று அதைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் சினிமாப் பாட்டாக நினைப்பதே இல்லை. இன்னொன்று: 'உயிரே'யின் இந்தி மூலமான 'தில் சே'வுக்காகச் சந்தோஷ் சிவனும், 'மூன்றாம் பிறை'க்காகப் பாலு மகேந்திராவும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கியவர்கள். இந்த மலையும் ரயிலும் காமிராக்காரர்களை எந்த அளவுக்கு மயக்கும் என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்தால் நம்பலாம்.

வெலிங்டன், அரவங்காடு தாண்டிக் கேத்தி வந்தது. சின்ன ஸ்டேஷன். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகத் தோட்டங்கள். ரயில் நின்றதும் அம்மா முதல் ஆளாக இறங்கினாள். அந்த முழங்கால் வலிக்காரி அவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை. பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவை நல்லாப் பாத்திருக்கலாம்" என்றாள். "பாத்தா மட்டும் ஞாபகம் வந்திருக்குமாக்கா?" என்றாள் சித்தி. "வந்திருக்கும்டி. சோறு ஊட்டின கையை மறக்க முடியுமா?" விசில் ஊதியதும் என் கணவர் இருவரையும் கிட்டத்தட்டத் தூக்கி ஏற்றினார். லவ்டேல் தாண்டும் வரைக்கும் விவாதம் ஓயவில்லை.

ஊட்டியில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தயிர் சாதத்தைப் பிரித்தோம். மலைக் குளிரில் அது பாலாகவும் இல்லாமல் தயிராகவும் இல்லாமல் அப்படி ஒரு பதத்தில் இருந்தது. மாவடு ஒன்றே ஒன்று மிச்சம் இருக்க, அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் எல்லாரும் அவள் கடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று இரவு அறையில் அம்மா என் போனை வாங்கி, பேத்திக்கு அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினாள். நடுநடுவே நிறுத்தி, "இங்கதான் நாம நின்னோம், பாத்தியா" என்று விளக்கம். அப்புறம் பாட்டையும் போட்டாள். படத்தில் சுப்பிரமணி என்று ஒரு நாய்க்குட்டி இருக்கிறது என்று சித்தி சொல்லிவைக்க, எல்லாம் முடிந்ததும் என் மகள் கேட்டாள்: "பாட்டி, அப்போ சுப்பிரமணிக்கு இனிமே யாரு சாப்பாடு போடுவாங்க?"

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள். "சீனுதான் போடுவான். அவனுக்குச் சமைக்கத் தெரியும்" என்றாள் அம்மா, சந்தேகமே இல்லாமல்.